நீதவானுக்குத் தேய்பிறைப் பஞ்சமி

டொரோண்டோவில் உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்களோடு கூடக் கொண்டாட்டம் வைத்திருந்த மனுசன் செத்த முப்பத்தோராம் நாள் கிரியையின் பேரையே பட்டமாக வாங்கிய எங்கள் அந்தியேட்டி அண்ணை ஒருவர்தான். அதிலும் கண்ட கண்ட செத்தவர்களோடு இல்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு கண்ணை மூடிய பெரிய மனிதர்கள்தான் அவருக்கு வேண்டும். ஒரு நீதவான், ஒரு பியானோக் கொம்பனி முதலாளி, பாலம் கட்டிய ஒரு இஞ்சினியர். எல்லாரும் வெள்ளைக்காரர். பழைய சவக்காலையில் கல்லறைக் கல்லைப் பார்த்துச் செத்த நாள் எழுதி, போனில் பழைய பஞ்சாங்கம் தேடி, ஆளுக்கொரு திதி கணித்து வைத்திருந்தார்.

கார்க் கதவுக்கு ரப்பர் பூட்டுகிற ஃபக்ரரியில் நானும் அவரும் ஒரே லைன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் சாப்பாட்டு நேரம் என் மீன்குழம்பை நீட்டினேன்.

"வேண்டாம் தம்பி. இண்டைக்கு மச்சம் தொடன். நீதவான்ரை திவசம்."

"உங்கட சொந்தக்காரரோ அண்ணை?"

"சீ, அவர் ஸ்கொட்லாந்து ஆள். தேய்பிறைப் பஞ்சமி."

பியானோ முதலாளியின் திதிக்கு லீவு கேட்டுப் போனார். சுப்பவைசர் இளகிய மனசுக்காரன். அண்ணையின் தோளைப் பிடித்து, எப்போது காலமானார் என்று துக்கத்தோடு விசாரித்தான். அண்ணைக்குப் பொய் வராது. "நூறு வருசத்துக்கு மேலை" என்றார். தோளில் இருந்த கையை என்ன செய்வதென்று அவனுக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. லீவு கிடைக்கவில்லை. அண்ணை விடுவாரா? லைனில் நின்ற எங்கள் எல்லாரையும் ஒரு நிமிடம் மௌனமாக நிற்க வைத்தார். மெசின் மட்டும்தான் மரியாதை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்குக் கார் ஓடத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல ஸ்நோ, "ஒருக்கா வாருமன், இஞ்சினியர் பாத்துக்கொண்டிருப்பார்" என்று கூப்பிட்டார். போனேன். என் காரின் ஐஸ் சுரண்டியை எடுத்து இஞ்சினியரின் கல்லைச் சுரண்டித் துடைத்தார். வாழையிலைக்குப் பதிலாக அலுமினியத் தட்டு. அதில் சோறு, கறி, நாலு வடை. காகத்தைக் கூப்பிட்டார். அணில் வந்து ஒரு வடையைத் தூக்கிக்கொண்டு மரமேறியது.

"பரவாயில்லை, இந்த ஊர் வழக்கம் இது" என்றார்.

சவக்காலைக் காவல்காரி வந்தாள். "நீங்கள் இவருடைய குடும்பமா?"

"அவருக்கு வேறை ஆர் இருக்கினம்?" என்று தன்னுடைய இங்கிலீசில் கேட்டார் அண்ணை. அவள் கல்லைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், அண்ணை நீட்டிய வடையை வாங்கித் தின்றுகொண்டே போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏன் அண்ணை உந்த வேலை? நாங்கள் கும்பிட எங்கட ஆக்கள் இல்லையே?"

அவர் தட்டை மடித்தார்.

"என்ரை தம்பியை ஆமிக்காரர் பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போனவங்கள். போரின்ரை கடைசிக் கிழமை. அதுக்குப் பிறகு தகவல் இல்லை. திதி தெரியாது. தெரியாமல் ஒரு நாளைப் பிடிச்சுப் படைச்சால், அவன் செத்திட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி. அப்பிடிச் சொல்ல என்னாலை ஏலாது." கல்லில் கை வைத்தார். "இவையைப் பாரும். நாள் வெட்டிக் கிடக்கு. அழப் பிள்ளையளும் இல்லை, பேரப்பிள்ளையளும் இல்லை. என்னட்டை அழுகை கிடக்கு. சும்மாதானே கிடக்கு."

நான் பிறகு சிரிக்கவில்லை.

கடைசிக் காலத்தில் அவர் பக்கத்து ஊரான அஜக்ஸுக்கு, மகள் வீட்டுக்குப் போனார். போன வருசம் அங்கேயே காலமானார். தம்பியைப் பற்றி ஒரு கடிதமும் கடைசிவரை வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது, ஹீற்றர் சூட்டில் அவர் காரிலேயே நித்திரையாகிவிட்டார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மல்வேர்னில் அவர் அப்போது இருந்த அடுக்குமாடிக் கட்டடம் வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. நிறுத்தாமல், ஸ்நோவுக்குள் மெதுவாக, இன்னும் மூன்று தரம் சுற்றினேன்.