மண்ணீரல் அண்ணாச்சியின் வயிறு

கோவில்பட்டி வட்டாரத்தில் இன்று ஸ்டெதாஸ்கோப் மாட்டித் திரிகிற இளம் டாக்டர்களில் பாதிப் பேர், ஒரே மனிதரின் வயிற்றைத் தடவித்தான் பாஸானவர்கள். அவர்தான் மண்ணீரல் அண்ணாச்சி. சொந்தப் பெயர் கேஸ் ஷீட்டுக்கு மட்டும் தெரியும்.

கடம்பூர்ப் பக்கம் கரிசல் காட்டில் ஆடு மேய்க்கிறவர். ரத்தத்தில் ஏதோ கோளாறு. இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் நாலு விரல் அளவு வீங்கி இறங்கியிருந்தது. பரீட்சைக்கு அப்படியொரு வயிறு லேசில் கிடைக்காது. ஆகவே எங்கள் மருத்துவக் கல்லூரியிலிருந்து வருடா வருடம் ஆளனுப்பிக் கூட்டி வருவார்கள். ஆடுகளை மச்சினரிடம் விட்டுவிட்டு, வெளுத்த வேட்டியில் வந்து கட்டிலேறுவார். மாணவன் வாயைத் திறக்கும் முன்பே முழங்காலை மடக்கி, மூச்சை இழுத்துக் காட்டுவார். கை சில்லென்றிருந்தால் தட்டிவிடுவார்.

"தேச்சுச் சூடாக்கிட்டு வாலே. நான் என்ன ஐஸ் பொட்டியா?"

யார் தேறுவார்கள் என்று நர்சம்மாவிடம் அவர் முன்கூட்டியே சொல்வதும், ரிசல்ட் அப்படியே வருவதும் வாடிக்கை.

போன வருடம் முதல்முறையாக என்னைப் பரீட்சகராக உட்கார வைத்தார்கள். மாணவனாக இருந்தபோது, பதற்றத்தில் மண்ணீரலை வலது பக்கம் தேடிய ஆள் நான். பரீட்சகரான அன்றும் வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாணவர்கள் முன்னால் தடுமாறிவிடுவேனோ என்று அண்ணாச்சியைத் தொட்டே பார்க்கவில்லை. பழைய ஃபைலில் 'நாலு விரல்' என்றிருந்தது. வந்த ஆறு பேரும் நாலு விரல் என்றார்கள். தாராளமாக மார்க் போட்டேன்.

ஏழாவதாக வந்த பெண் ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள். இதிலும் போனால் இன்னொரு ஆறு மாதம். கையைத் தேய்த்துக்கொண்டு மூன்று முறை தடவிப் பார்த்தாள்.

"சார், மண்ணீரல் தட்டுப்படலை."

நன்றாகப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். தட்டுப்படவில்லை என்றுதான் மறுபடியும் சொன்னாள். பரிதாபமாக இருந்தது, ஆனாலும் பூஜ்யம் போடப் பேனாவைத் திறந்தேன். அண்ணாச்சி முழங்கையை ஊன்றி எழுந்தார்.

"டாக்டரய்யா, எழுதுறதுக்கு முன்னால நீங்க ஒருக்கா கை வச்சுப் பாருங்க."

வைத்தேன். ஒன்றுமே இல்லை. பதற்றத்தில் வலது பக்கமும் பார்த்தேன்.

"மதுரையில புது மாத்திரை குடுத்தாவ. சுருங்கிப் போச்சு. சொன்னா இனிமே கூப்பிட மாட்டியளேன்னு சும்மா படுத்துக் கெடந்தேன்."

"மத்த ஆறு பேரும் இருக்குன்னாங்களே?"

"அவிய வராந்தாவுலயே நாலு விரல்னு கேட்டுட்டு வந்தாவ. இந்தப் புள்ள ஒண்ணுதான் வயித்தத் தொட்டுக் கேட்டுச்சு."

அவளுக்கு அன்றைய அதிகபட்ச மார்க். மற்ற ஆறு பேருக்கும் வேறு நோயாளிகளை வைத்து மறுபடி பரீட்சை. நியாயமாகப் பார்த்தால் ஏழாவதாக என்னையும் நிறுத்தியிருக்க வேண்டும்.

அண்ணாச்சி சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாக, நிதானமாகப் போட்டார். ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப அடுத்த வருசம் நான் வர வேண்டாம், என்ன?"

நோய் குணமான மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று சொன்ன டாக்டர் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.