மூணாவது மனுவையும் நீயே எழுது

சிவகாசி,
புரட்டாசி 3.

அன்புள்ள மருமகன் செழியனுக்கு, மாமன் ராக்கப்பன் எழுதிக்கொள்வது. காரியாபட்டியில் நீயும் உன் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கால் கட்டைவிரல் மரத்துக் கிடக்கும்போது பொய் எழுத மனசு வரவில்லை.

சுகருக்குத் தினமும் ஒரு மணி நேரம் நடக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். ரோட்டில் லோடு வண்டிக்கு ஒதுங்கியே உயிர் போகிறது என்றுதான் பூங்காவுக்குப் போனேன். அங்கே பயலுக பைக்கில் வட்டமடித்தார்கள். பைக்கைத் தடுக்க மாநகராட்சிக்கு நீ ஒரு மனு எழுதிக் கொடுத்தாய். நல்லாத்தான் எழுதினே. வளைஞ்சு நெளிஞ்சு போற இரும்புக் கேட்டு ஒண்ணு வச்சாக. பைக் நுழையலை, சைக்கிளும் நுழையலை, மொத நாளே நான் தொப்பையோட நடுவுல மாட்டிக்கிட்டேன். தினம் அங்கன சைக்கிள் மிதிக்க வர்ற மணிமுத்து அண்ணாச்சி, தலைக்கு மேல சைக்கிளைத் தூக்கிட்டு நின்னவரு, என்னை இழுக்குறதா சைக்கிளைப் பிடிக்கிறதான்னு முழிக்க, பின்னால வந்த ஆடு ஒண்ணு பாத்துட்டுத் திரும்பிப் போச்சு.

சரி, போகட்டும்னு ரெண்டாவது மனு. நடக்க ஒரு பாதை, சைக்கிளுக்கு ஒரு பாதை. அதையும் போட்டாகப்பா! வழவழன்னு சிமெண்டு, நடுவுல மஞ்சக் கோடு. மறுநாள் காலையில புதுச் செருப்பை மாட்டிக்கிட்டுப் போறேன், பாதையவே காணோம். முழுக்கப் பட்டாசுக் குழாய் காயுது! மருந்து அடைக்காத வெறும் காகிதக் குழாய்தான், பொம்பளைக வீட்டுல சுத்துறது. சீசன் ஆர்டரு, பசை காயணும்ல? நடக்குற பக்கம் சின்னக் குழாய், சைக்கிள் பக்கம் பெரிய குழாய், மஞ்சக் கோட்டைத் தாண்டாம அம்புட்டு ஒழுங்கு! என்ன தாயி இதுன்னு பக்கத்து வீட்டு அய்யம்மாளைக் கேட்டா, "அண்ணே, இங்கன ஆடு வராது, பைக் வராது, மண்ணு ஒட்டாது. எல்லாம் நீங்க மனுப் போட்ட புண்ணியம், நல்லாருப்பீக"ங்கிறா. நான் எங்கிட்டுப்பா நல்லாருக்க? இப்ப வீட்டுக்குள்ள கட்டிலைச் சுத்திச் சுத்தி நடக்கேன். பாக்குற உன் அத்தைக்குத் தலை சுத்துதாம்.

ஆகவே நீ உடனே மூணாவது மனு எழுதணும். குழாயை அப்புறப்படுத்தி நடக்கிறவனுக்கு வழி விடணும்னு கடுமையா எழுது. பயமா இருக்குப்பா. இத்தனை வருசம் கூட வந்த விரலு.

கருப்பசாமி துணையிருக்க, சீக்கிரம் கல்யாணமும் ஆகி, பத்து விரலும் குறையாமல் நீ நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாமன் ராக்கப்பன்

பின்குறிப்பு: இதை ஒட்டுறதுக்குள்ள உன் அத்தை செல்வலட்சுமியும் கம்பெனியில குழாய் ஆர்டர் எடுத்துட்டு வந்துட்டா. நம்ம சந்துல வெயில் எங்க விழுது? பூங்காவுக்குத்தான் கொண்டு போகணும்னுட்டா. கத்தினேன். "உங்க சுகர் மாத்திரை எதுல வருதுன்னு நினைச்சீக?"ன்னு ஒரே கேள்வி. குழாயை நானேதான் தூக்கிட்டுப் போனேன். இப்ப பாதையோட கிழக்கு வளைவுல நம்ம குழாய்தான் காயுது, நான் காவலுக்கு உக்காந்துதான் இதை எழுதுறேன். காலையில எவனோ நடைப்பயிற்சிங்கிற பேருல வந்து ஒரு வரிசைக் குழாயை மிதிச்சுட்டுப் போயிட்டான். அதனால மனுவை மாத்தி எழுது. பூங்காவில் நடக்கிறவர்கள் தொந்தரவு தாங்க முடியவில்லை, தீபாவளி முடியும்வரை ஒருத்தரையும் நடக்க விடக்கூடாது. என்னையும் சேர்த்துத்தான்.