கோச்சடை ஐஸ் புரோக்கர்

கோச்சடையில் ஐஸ் புரோக்கரிடம் ஏமாறாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. வீட்டுத் தரகர் அவர். பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்துக்கூட, "என்னா லட்சணம்!" என்று ஐஸ் வைப்பார். கதவே திறந்துவிடுமோ என்று தோன்றும்.

எனக்கு இந்த வித்தையெல்லாம் ஆகாது. நான் பள்ளிக்கூட டீச்சர். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். போன வருடம் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் அம்மாவோ பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அதைச் சொன்னதும் நாலு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். வீட்டில் சாவு விழுந்துவிடுமாம்! இவர்கள் மட்டும் சாகாவரம் வாங்கி வந்தவர்களாக்கும்!

ஐந்தாவது வீட்டுக்கு நடக்கும்போது ஐஸ் புரோக்கர் எனக்கே பாடம் எடுத்தார்.

"டீச்சர், வார்த்தையக் கொழப்பிக்காதீக. ஐஸ் வச்சா அவுக மனசு குளிரணும். சோப்பு போட்டா நம்ம காரியம் நடக்கணும். காக்கா பிடிக்கிறது மேலதிகாரிய மட்டுந்தான். அல்வா குடுத்தா அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டக் கூடாது."

"இப்ப என்ன செய்யப்போறீங்கண்ணே?"

"நீங்க பேசாம இருங்க. அம்புட்டுத்தான்."

வீட்டுக்கார அம்மாவின் கோலத்தைப் புகழ்ந்தார். காபியைப் புகழ்ந்தார். கொல்லையில் நின்ற முருங்கையைக்கூட விடவில்லை. அந்த அம்மா சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

"வீட்டுல எத்தன பேரு?"

"டீச்சரும் அவுக அம்மாவும். தங்கமான அம்மா. இருக்குற எடமே தெரியாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "படுத்த படுக்கையா இருக்காங்க. எப்படித் தெரியும்?" என்று போட்டு உடைத்தேன்.

சாவி மறுபடி இடுப்பில் ஏறிவிட்டது.

ஐஸ் புரோக்கர் அசரவில்லை. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "எங்கம்மாவும் இப்படித்தான் கெடந்துச்சு தாயி. ஒருத்தரும் வீடு குடுக்கல. ஆஸ்பத்திரி வராண்டாவுலயே போய்ச் சேந்துருச்சு."

வீட்டுக்கார அம்மா அழுதார். நானும் அழுதேன். சாவி என் கைக்கு வந்தது.

பால் காய்ச்சிய அன்று, வீட்டுக்கார அம்மா கடைக்குப் போன நேரத்தில், பேரையூரிலிருந்து ஒரு கிழவி வந்தார். தலையில் பெரிய பூசணிக்காய். இரும்பு மாதிரி உடம்பு.

"எங்கம்மா" என்றார் புரோக்கர்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "யோவ்! உசுரோட இருக்கிற தாயைக் கொன்னுட்டியே!"

"அதுகிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் கொன்னேன், டீச்சர்."

கிழவி பூசணிக்காயை இறக்கி வைத்தார். "வையாத தாயி. ஒரு வீடு கெடைக்கும்னா நான் எத்தன தடவ வேணாலும் சாகுறேன்."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கோவில் பூசை முடிந்து நான் வரும்போது, ஐஸ் புரோக்கர் என் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்திருப்பார். "அடுத்த மாசம் நீங்களே எந்திரிச்சு நடந்து வந்து கதவத் தொறக்கப் போறீக, பாருங்க" என்பார். அம்மாவின் கோணிய வாய் சிரிக்கும்.

இனி நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. நான் அதைச் சொல்வதில்லை. புரோக்கருக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு காபி கலக்கப் போய்விடுவேன்.