எங்கே போகிறது கரண்ட்?

காலை எட்டு மணிக்கு, அவர்கள் தங்கியபடியே ஊர் சுற்றும் வீட்டு வண்டியின் பேட்டரியில் எண்பது சதவீதம் இருந்தது. கிளைவ் பல் தேய்த்துவிட்டு வந்து போனைப் பார்த்தால் எழுபத்தாறு.

"நொரீன், கெட்டிலப் போட்டியா?"

"நான் இன்னும் கட்டில விட்டே எந்திரிக்கல. ஏன்?"

"பேட்டரி நாலு இறங்கியிருக்கு. எங்க போச்சுன்னு தெரியல."

கிளைவ் ஆஸ்திரேலியாவின் டூவும்பா நகரில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்தவர். மனிதர்கள் பொய் சொல்வார்கள், நாய்கள் கடிக்கும், மீட்டர் மட்டும் பொய்யே சொல்லாது என்பது அவருடைய வேதம். பழைய போன் ஆற்றில் விழுந்துவிட்டதால், புதிய போனில் வண்டி பேட்டரியைப் பார்க்கும் செயலியை அன்று காலைதான் ஏற்றியிருந்தார். அது தானாகவே பேட்டரியைக் கண்டுபிடித்து எண்ணைக் காட்டியதில் அவருக்கு ஏகப் பெருமை.

பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். போன வருடப் பயணத்தில் பழைய பேட்டரி நடுக்காட்டில் உயிரை விட்டு, பிரிட்ஜில் இருந்த மீனெல்லாம் நாறிப்போனது. இந்தப் புதிய லித்தியம் பேட்டரியை மாட்டியபோதே நொரீன் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "இதுவும் காலை வாரிச்சுன்னா நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடுவேன். டார்வின் ஊர நீ தனியாப் போய்ச் சுத்திப் பாத்துக்க." சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாமல் டார்வினில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

முதல் காரியமாகப் பிரிட்ஜை அணைத்தார். விளக்குகளை அணைத்தார். தண்ணீர் பம்ப்பையும் விடவில்லை. அரை மணி கழித்துப் பார்த்தால் அறுபத்தெட்டு!

ஆற்றங்கரை முகாமில் பக்கத்தில் நின்ற வண்டியிலிருந்து சுடச்சுட ரொட்டி வாசனை வந்தது. அங்கே பெரில், கெவ் தம்பதி ஒரு வாரமாகத் தங்கியிருந்தார்கள்.

"மோந்து பாரு" என்றாள் நொரீன். "அவங்களுதும் இதே பேட்டரிதான். அவ மெஷின்ல ரொட்டி சுடறா. எனக்கு ஒரு வாய் டீக்கு வழியில்ல."

"கூரையில இருக்கற சோலாருக்கு வெயில் பத்தல, அதான். வண்டிய நகத்தறேன்."

மரத்தடியிலிருந்து வண்டியைக் கிளப்பி, நல்ல வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினார். அதன் நிழல் பக்கத்து இடத்தில், கெவ் தரையில் விரித்திருந்த துண்டு, சோலார் பலகை, நாய் எல்லாவற்றின் மேலும் தாராளமாக விழுந்தது. நாய் நன்றியோடு வாலை ஆட்டியது.

ஐம்பத்தொன்பது.

"கூரை மேல கொதிக்கற வெயில், உள்ள ஒண்ணும் ஓடல, ஆனா இறங்குது!" தலையைச் சொறிந்தார் கிளைவ். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது. ஆனால் அந்தப் பூதம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் வந்துவிட்டது.

ஜெனரேட்டரை இழுத்துப் போட்டுக் கிளப்பினார். பார்கூ ஆற்றங்கரையில் இருந்த வெள்ளைக் கிளிகள் மொத்தமும் திட்டிக்கொண்டே பறந்தன. பக்கத்து வண்டியில் ஜன்னல்கள் பட்பட்டென்று சாத்தப்பட்டன. அந்த வண்டிக்குள் ஏசி உறுமத் தொடங்கியது.

நாற்பத்தொன்று.

"ஜெனரேட்டர் போட்டா ஏறணும், நொரீன். இது வேகமா இறங்குது. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல!"

"நான் பாத்திருக்கேன். போன வருஷம்" என்றாள் நொரீன். அவள் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் கிளைவ் போனை அவள் முன்னால் நீட்டினார்.

"மத்தியானம் வரைக்கும் பொறு. இந்தப் போன்லயே ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கு. அமுக்கினா பேட்டரி ஒரு சொட்டு கரண்ட்கூட வெளிய விடாது. அப்பவும் இறங்கினா கசிவு பேட்டரியிலயேன்னு தெரிஞ்சுடும்."

"சரி, அந்த சத்தத்த நிறுத்து. எனக்கு வேர்க்குது, விசிறியப் போடு. அப்புறம் அமுக்கு. விசிறி நின்னு திரும்ப வரலன்னா நான் கிளம்பறேன். மூணு மணிக்கு பஸ்."

ஜெனரேட்டரை நிறுத்தினார். விசிறியைப் போட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

காற்று நிற்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். தலைக்கு மேல் விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை போனைப் பார்த்தார். 'நிறுத்தப்பட்டது' என்றது அது. கைகளால் விசிறியின் கம்பிகளைத் தடவிப் பார்த்தார். நொரீனும் மடித்த சட்டையோடு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"எதுல ஓடுது இது?" என்றாள்.

அவர் வாயைத் திறக்குமுன் கதவு தட்டப்பட்டது. முகமெல்லாம் வியர்வையோடு, பாதி வெந்த ரொட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு பெரில் நின்றாள்.

"ஏம்ப்பா கிளைவ், உங்க வண்டில கரண்ட் இருக்கா? காலையிலருந்து எங்க பேட்டரி மளமளன்னு இறங்கிட்டே இருந்துச்சு, இப்ப யாரோ பொத்தான அமுக்கின மாதிரி எல்லாம் பொட்டுனு அணைஞ்சு போச்சு!"