பாலம் நின்றது, நிழல் விழுந்து கிடந்தது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், என் மனைவி, உன் மருமகள் மூவரும் சுகம். அங்கே நீயும் அத்தானும் சுகம்தானே? அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா? போன வாரம் நீ மூன்று முறை போன் செய்தும் எடுக்கவில்லை என்று கோபப்படாதே. எடுத்திருந்தால் அழுதிருப்பேன். நேற்றுதான் மூச்சே வந்தது, விவரமாக எழுதுகிறேன்.

உன் மருமகளின் பள்ளியில் இந்த வருஷம் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். பிள்ளைகள் செய்வதையெல்லாம் மாதாமாதம் படம் எடுத்து, என்ன தப்பானது, அடுத்த தடவை என்ன செய்வேன் என்று நாலு வரி எழுதிவைத்து, கடைசியில் மொத்தமாகப் பள்ளியின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். அறிவியலுக்குப் பரீட்சைக்குப் பதிலாக அதைப் பார்த்துத்தான் மார்க். உன் மருமகள் எடுத்துக்கொண்டது ஐஸ்குச்சிப் பாலம். ஆறு மாதம், ஆறு பாலம். அதில் ஐந்து, மேலே இரண்டு புத்தகம் வைத்ததுமே பொத்தென்று விழுந்தன. ஒப்படைப்பதற்கு முந்தின நாள் என் போட்டோ ஸ்டூடியோக் கணினியில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, மூடாமல் டியூஷனுக்குப் போய்விட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் முகத்துப் பருவையும் தழும்பையும் அழித்துப் பிழைக்கிறவன், சொந்தப் பெண்ணின் பெயருக்குக் கீழே ஐந்து இடிபாடு கிடப்பதைப் பார்த்துச் சும்மா இருப்பேனா? கை துறுதுறுத்தது. ஐந்து பாலத்தையும் டச்சப் செய்து நிமிர்த்தினேன், வழிந்த பசையைத் துடைத்தேன், "மறுபடியும் விழுந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை" என்று அவள் எழுதியிருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, ஐந்து இடத்திலும் "மிகச் சிறப்பாக அமைந்தது" என்று போட்டேன். அவளிடம் சொல்லவில்லை, மார்க் வந்த பிறகு தெரிந்து சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் பள்ளியில் அவளையும் என்னையும் உட்காரவைத்து, டீச்சர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "சார், முதல் மாசமே பாலம் இவ்வளவு நல்லா நிக்குதுன்னா, அப்புறம் அஞ்சு மாசமா உங்க பொண்ணு என்னத்தக் கத்துக்கிட்டா?"

நான் பெருமையாக, "அவளுக்குப் பிறவியிலேயே வரும் மேடம்" என்றேன்.

"பாலம் நிக்குது சார். அதோட நிழல் மட்டும் ஏன் மேஜையில விழுந்து கிடக்குது?"

அக்கா, பாலத்தை நிமிர்த்தின நான், இடிந்து கிடந்த அதன் நிழலை நிமிர்த்த மறந்துவிட்டேன்! தொழிலுக்கு வந்த புதிதில்கூட நான் செய்யாத தப்பு. வேறு யாரோ செய்துகொடுத்த வேலையாக இருக்கும் என்று டீச்சருக்குச் சந்தேகம், அறிவியலுக்கு மொத்தமாகப் பூஜ்யம் போடப்போவதாகச் சொன்னார். உன் மருமகள் என் பக்கம் திரும்பி, "விழுந்ததுதாம்ப்பா என் வேலையே. ஏன் விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்கத்தான் ஆறு மாசம் ஆச்சு" என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், மெதுவாகச் சொன்னாள். "நான்தான் மேடம் பண்ணினேன், அவளுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னால் போதுமா, எதை வைத்து நம்புவது என்று டீச்சர் கேட்க, அதற்கும் அவள்தான் வாய் திறந்தாள்: "அப்பா ஒரிஜினல அழிக்கவே மாட்டாரு மிஸ்."

உண்மைதான். எந்தப் படத்தில் கைவைப்பதற்கு முன்பும் ஒரு பிரதி எடுத்துவைப்பது ஸ்டூடியோக்காரன் புத்தி. இல்லாவிட்டால் "இது என் மூஞ்சியே இல்ல" என்று சண்டைக்கு வருகிறவருக்கு என்ன பதில் சொல்வது? அன்றும் அவள் பக்கத்தை முழுதாகப் பிரதி எடுத்துவைத்திருந்தேன், ஓடிப்போய்ப் பென்டிரைவில் கொண்டுவந்தேன். விழுந்த பாலங்களும் அவள் எழுதினதும் அப்படியே இருந்தன. நாலாவது பாலத்துக்குக் கீழே, "குச்சியில் தப்பு இல்லை, பசை காய்வதற்குள் நான் அவசரப்பட்டுவிட்டேன்" என்று இருந்ததை டீச்சர் இரண்டு தடவை படித்தார். நானும் அப்போதுதான் அதை ஒழுங்காகப் படித்தேன். நேற்று மார்க் வந்துவிட்டது, ஐம்பதுக்கு நாற்பத்தாறு! என்னோடு பேசவும் ஆரம்பித்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து நேற்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இனி எதிலும் தேவையில்லாமல் கைவைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நானும் அவளும் ஆறாவது பாலத்தோடு நிற்கும் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், எடுத்தது எடுத்தபடி. அத்தானுக்கு என் வணக்கம். உன் ஆசியை மருமகளுக்கும், மிச்சமிருந்தால் எனக்கும் அனுப்பு.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: மேஜையில் ஒரு பசைக் கறை இருந்தது, அதை மட்டும் எடுத்தேன். பின்னால் யாரோ கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார், வாயை மூடிவிட்டேன். எனக்குக் கொஞ்சம் முடி. பாலமும் லேசாகச் சாய்ந்த மாதிரி தெரிந்தது. இந்தத் தடவை நிழலையும் சேர்த்தே நிமிர்த்தினேன். உறையை ஒட்டப்போகும்போது உன் மருமகள் பார்த்துவிட்டாள். "ஒரிஜினலையும் சேத்து வைங்கப்பா. நீங்க எவ்வளவு கத்துக்கிட்டீங்கன்னு அத்தையும் பாக்கட்டும்" என்கிறாள்.