கருப்பட்டிப் பெட்டியில் வந்த யானை

உதவி என்பது கேட்டவர்களுக்குச் செய்ய வேண்டியது. கேட்காதவர்களுக்குச் செய்தால் அதற்குப் பெயரே வேறு. (என்ன பெயர் என்று என் மனைவியிடம் கேட்டால் சொல்லுவாள். பத்திரிகையில் போட முடியாது.)

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் என் மனைவி ஜாய்ஸ் துணிப் பொம்மைகள் தைத்துக்கொண்டிருந்தாள். முயல், கரடி, ஆமை என்று தொடங்கி யானைக்கு வந்து சேர்ந்திருந்தாள். யானைதான் அவளுடைய பெருமை. ஒவ்வொரு காதும் இரண்டு அடுக்குத் துணி. பிள்ளைகள் பிடித்து இழுத்தாலும் பிய்யாது. அக்கம்பக்கத்தார் பிறந்தநாளுக்கு ஒன்றிரண்டு வாங்கிப் போனார்களே தவிர, தொழில் என்று சொல்லிக்கொள்ளும்படி இன்னும் ஆகவில்லை. அப்போதுதான் மழலையர் பள்ளி நடத்தும் குளோரி டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலுக்கு வருவேன்லா, அங்கன கொண்டாங்க. நல்லா இருந்தா எல்லா வகுப்புக்கும் எடுத்துக்கிடுதேன். தெரிஞ்ச பள்ளிக்கூடத்துலயும் சொல்லுதேன்."

ஜாய்ஸ் அன்று நான் கேட்காமலே எனக்கு இரண்டாவது காபி போட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

எனக்குக் கல்லூரி நூலகத்தில் வேலை. அங்கே நான் படித்த புத்தகங்களில் பாதி, உலகம் பிளாஸ்டிக்கால் அழியப்போகிறது என்றன. மீதியை நான் முடிக்கவில்லை. ஆகவே ஜாய்ஸ் பொம்மைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தது என் கண்ணை உறுத்தியது. உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன்.

"கருப்பட்டி வேண்டாம், காலிப் பெட்டி மட்டும் போதுமா? ஏலே, ஒடம்பு நல்லாத்தான இருக்கு?" என்றான். கேட்டாலும் அனுப்பி வைத்தான். மூடி போட்ட பனையோலைப் பெட்டிகள். பார்க்க அத்தனை அழகு.

பண்டிகைக்கு முந்தின நாள் மதியம் அவள் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போனதும் காரியத்தில் இறங்கினேன். பெட்டிகளின் அடியில் ஒட்டியிருந்த கருப்பட்டியை ஈரத்துணியால் துடைத்தேன். (துடைத்தேன் என்பது என் நினைப்பு. கருப்பட்டியைக் கரைத்து ஓலை இடுக்குகளிலெல்லாம் ஒரு சீராகப் பூசினேன் என்பதே உண்மை.) உறைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பொம்மைகளைப் பெட்டிகளில் வைத்து, ரிப்பன் கட்டி, தரையில் வரிசையாக அடுக்கினேன். திரும்பி வந்த ஜாய்ஸ் ஒரு பெட்டியை முகர்ந்து பார்த்தாள்.

"கருப்பட்டி வாட அடிக்கே?"

"வாடை இல்ல, மணம்."

"எறும்பு வந்துராதா?"

"தொடச்சாச்சு. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

அவள் நம்பினாள். என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய ஒருத்தி என் பேச்சை நம்பினாளே!

அறுப்பின் பண்டிகையில் அவரவர் உழைப்பில் முதல் பலனைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் அவற்றை ஏலம் விடுவார்கள். வாழைத்தார், பூசணி, காலைக் கட்டிய கோழிகள், இவற்றுக்கு நடுவே ஜாய்ஸின் யானை. மற்றப் பொம்மைகள் வேப்பமரத்தடி மேசையில், பெட்டிகளுக்குள் காத்திருந்தன. ஏலம் விட்ட தங்கராஜ் அண்ணாச்சிக்கு, பெட்டியைத் திறந்து யானையைத் தூக்கியதும் உற்சாகம் பிடித்துக்கொண்டது.

"இந்தா பாருங்க! தீனி கேக்காது, சாணி போடாது, பாகனும் வேண்டாம்! யாருவே கேக்கிய?"

"பிளிறுமா அண்ணாச்சி?"

"நீரு எடும்வே. உம்ம வீட்டம்மா பிளிறுவா!"

கூட்டம் சிரித்தது. குளோரி டீச்சர் விடாமல் கேட்டு, மூன்று தரம் சொல்லி முடிந்ததும் யானையைக் கையில் வாங்கினார். காதை இழுத்துப் பார்த்தார். தையலைத் தடவினார். ஜாய்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் எல்லா வகுப்புகளும் இருந்தன.

பிறகு முடிவு ஜெபம். எங்கள் ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஜெபத்தில் ஒரு நாட்டையும் விட்டுவைக்க மாட்டார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம். முன்வரிசையில் டீச்சர் யானையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். யானையின் இரட்டைக் காதுக்குள் குடியேறியிருந்த சிவப்பெறும்புகளுக்கு ஜெபம் என்று தெரியுமா?

"ஐயோ!" என்றார் டீச்சர்.

பின்வரிசையில் யாரோ, "ஸ்தோத்திரம்!" என்றார்கள்.

"ஐயய்யோ! யம்மா!"

"அல்லேலூயா!"

கண்ணைத் திறந்தபோது டீச்சர் எழுந்து நின்று சேலையை உதறிக்கொண்டிருந்தார். யானை காற்றில் பறந்து, ஏலம் போன கோழிகளுக்கு நடுவே விழுந்தது. அவை எறும்புகளைக் கொத்தத் தொடங்கின. பண்டிகையில் முதல் பந்தி அவற்றுக்குத்தான்.

அப்போதும் காரியம் கெட்டுவிடவில்லை. ஜாய்ஸ் ஓடிப்போய் டீச்சரின் கையில் தேங்காய் எண்ணெய் தடவினாள். "மன்னிச்சுக்கிடுங்க டீச்சர். பெட்டிலேருந்து ஏறிட்டு. எல்லாத்தையும் அலசிக் காயவச்சு நானே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டாரேன். பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். டீச்சரின் முகம் கொஞ்சம் இளகியது. "சரி விடும்மா, வேணும்னா செஞ்ச?" என்றார்.

அங்கே நான் போய் நின்றேன்.

"டீச்சர், ஒரு விதத்துல இது நல்ல விஷயம். ரசாயனம் இருந்தா எறும்பு அண்டாது. எறும்பு வந்ததே இதோட சுத்தத்துக்கு அத்தாட்சி."

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ பிள்ளையளக் கடிச்சாலும், சுத்தமாத்தான் கடிக்குன்னு தாய் தகப்பன்கிட்டச் சொல்லணுமோ?"

ஜாய்ஸ் பக்கம் திரும்பி, "பொறவு பாக்கலாம்மா" என்றார். எங்கள் ஊரில் 'பொறவு' என்று ஒரு நாள் கிடையாது. ஜாய்ஸ் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள். அன்று சாப்பாட்டுப் பந்தியில் அவள் இலையில் சோறு அப்படியே இருந்தது. என் இலை காலி. (அதற்கும் வெட்கப்படுகிறேன்.)

மிருகங்களையெல்லாம் அலசி, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, காய்ந்ததும் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருக்கலாம். அதன்பிறகு தலையணை உறையும் ஜன்னல் திரையும்தான் தைத்தாள்.

'சுத்தமாக் கடிக்கும்' என்பது எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. நான் எதையாவது நல்லது என்று சொன்னால், அது ஊறுகாயோ, மருத்துவரோ, மகளுக்கு வந்த வரனோ, "சுத்தமாக் கடிக்குமாப்பா?" என்று மகள் கேட்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். ஜாய்ஸும் சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக.

சமீபத்தில் உறவில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். ரொம்ப நாள் கழித்து ஜாய்ஸ் ஒரு யானை தைத்து எடுத்து வந்தாள். அது கைக்குக் கை மாறியது. ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, எவ்ளோ நல்லா இருக்கு! இத விக்குதியளா?"

ஜாய்ஸ் என்னைப் பார்த்தாள். நான் பாடம் கற்றுக்கொண்டவன் அல்லவா? வாயை இறுக்க மூடிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தேன்.

"இல்லம்மா, சும்மா பிள்ளைக்குத்தான்" என்றாள் ஜாய்ஸ்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் சொன்னாள்: "அம்மா ஒங்க மொகத்தத்தாம்ப்பா பாத்தா. 'ஆமா, விப்பா'ன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"