காலைத் தேநீர் நிறத்தில் ஒரு கன்னம்

முதலாளியின் முகம் பச்சையாக வந்தது.

லேசான பச்சை என்று சொல்லி மழுப்பவும் வழியில்லை. மூன்று நாள் கப்பலில் போய்விட்டு இறங்கியவன் முகத்தில் இருக்குமே, அந்தப் பச்சை. மெஷினிலிருந்து நகர்ந்து வந்த சர்க்கரைத் தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கேக்கம்மா அப்படியே நின்றாள். மணி ஏழு. பதினோரு மணிக்கு கேக் மேஜைமேல் இருக்க வேண்டும்.

"நெத்தியெல்லாம் அடர்ந்த காடு. மூக்குக்கு ரெண்டு பக்கமும் புல்வெளி" என்றார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அவள் கணவர். பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். எதைப் பார்த்தாலும் அவருக்குத் தேசப்படமாகத்தான் தெரியும்.

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க. பேசாம போங்க."

வாத்தியார் போகவில்லை. அவருக்கு இதில் சொந்த அக்கறை இருந்தது. தின்னக்கூடிய மையில் போட்டோ அச்சடிக்கும் அந்த மெஷின் வீட்டுக்குள் வந்த அன்றே, அறைச் சுவரிலிருந்த அவருடைய உலகப் படங்களெல்லாம் சுருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. ஆறு மாதத்தில் மெஷின் அச்சடித்தது நாலு பூனைக்குட்டி, ரெண்டு பொம்மை யானை. யானை எந்த நிறத்தில் வந்தாலும் குழந்தைகள் தின்றுவிடும். அதனால் யாரும் குறை சொன்னதில்லை. போன வாரச் சண்டையில்தான் கேக்கம்மா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "அடுத்த ஆர்டர் சரியா வரலேன்னா மெஷினைத் தூக்கிக் கொடுத்துடறேன். உங்க உலகத்தை நீங்களே மாட்டிக்குங்க!" என்று சொல்லிவிட்டாள். வாத்தியார் அதைத் தேதி போட்டு டைரியில் எழுதி வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆர்டர் பூனையாக வந்திருக்கக் கூடாதா? பெயிண்ட் கம்பெனியிலிருந்து வந்தது.

முந்தின நாள் அந்தக் கம்பெனியின் கிளை மேனேஜரே நேரில் வந்தார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் விசிறி மாதிரி விரியும் நிற அட்டை. அதில் முந்நூறு நிறம்.

"பன்னெண்டு வருஷத்துல முதல் தடவையா எங்க முதலாளி கிளைக்கு வர்றாரும்மா. போன்ல திட்டு வாங்கியிருக்கேனே தவிர, நான் அவரை நேர்ல பார்த்ததே இல்ல. போட்டோன்னாலே அவருக்கு ஆகாது. தலைமை ஆபீஸ்ல ஒருத்தரைக் கெஞ்சிக் கூத்தாடி இது ஒண்ணை வாங்கியிருக்கேன்."

போட்டோவில் ஒரு கார் நின்றது. பக்கத்தில் இரண்டு பேர். ஒருவர் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், முறுக்கின மீசையோடு, கார்க் கதவில் கைவைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார். இன்னொருவர் கசங்கின சட்டையில் ஓரமாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் போதும், பக்கத்துல இருக்கறவரை வெட்டிடுங்க. அது கிடக்கட்டும், கலர்தான் முக்கியம்! போன வருஷம் காலண்டர்ல சிவப்பு ஒரு இம்மி மங்கிடுச்சுன்னு அத்தனை காலண்டரையும் திருப்பி அனுப்பினவரு அவரு. என் நாற்காலியே இந்தக் கன்னத்துலதான் இருக்கு. எழுதிக்குங்க. கன்னம் 'காலைத் தேநீர்'. நெத்தி 'ஈர மணல்'. காதுக்கு 'சுட்ட செங்கல்'. காதைப் பத்தி நாங்க நாலு பேர் உக்காந்து ஒரு மணி நேரம் பேசி முடிவு பண்ணினோம்."

கேக்கம்மா எழுதிக்கொண்டாள். ஆழம் தெரியாமல் காலை விட்டது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது தெரிந்தது. பச்சைக்குக் காரணம் பிங்க் மை. பத்து நாள் சும்மா கிடந்ததில் மை வரும் துளையிலேயே காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. துளையை மூன்று தடவை கழுவினாள். எதற்கும் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரிலும் பிங்க்கைக் கொஞ்சம் ஏற்றிவிட்டாள். கைவசம் இருந்த ஆறு தாளில் இரண்டாவதை உள்ளே கொடுத்தாள்.

"இது எரிமலைப் பிரதேசம்" என்றார் வாத்தியார்.

பிங்க்கைக் குறைத்தாள். திரையில் முகம் மஞ்சளடித்தது. மஞ்சளையும் குறைத்தாள். திரையில் இப்போது முதலாளி கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தார். மூன்றாவது தாளில் நீலம் பாரித்து வந்தார்.

"திரையில நல்லாத்தானே இருக்கு? யாராவது இந்தத் திரையைத் தொட்டீங்களா?"

வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கண்ணுக்கு இதமா இருக்கட்டும்னு நான்தான் போன வாரம் திரையைக் கொஞ்சம் மஞ்சளா மாத்தி வெச்சேன்."

அவள் பார்த்த பார்வையில் அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

திரையைச் சரி செய்ததும் நாலாவது தாள் அழகாக வந்தது. கேக்கம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேக்மேல் தடவியிருந்த வெண்ணெய்க் கிரீம்மேல் தாளைப் பதமாக ஒட்டினாள். கிரீமின் மஞ்சள் அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. முதலாளிக்கு மஞ்சள் காமாலை. குளிரவைத்தால் சரியாகும் என்று யாரோ சொன்ன ஞாபகத்தில் பிரிட்ஜுக்குள் வைத்து எடுத்தாள். முகம் குப்பென்று வியர்த்தது. மீசையின் கறுப்புக் கிளம்பி மோவாய் வரைக்கும் ஓடியது.

"ஆறு கடல்ல கலக்குமுன்னே இப்படித்தான் கிளை கிளையா பிரியும்" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து வாத்தியார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். மேல்பூச்சு மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளைச் சர்க்கரை மாவைத் தேய்த்து கேக்மேல் போர்த்தினாள். மணி ஒன்பதரை. மிச்சம் இரண்டே தாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன் செய்தார்.

"முதலாளி விடுதியிலேர்ந்து நடந்தே வர்றாராம்மா. கார் சும்மாத்தானே நிக்குது, அவர் காரையே அனுப்பச் சொல்லிட்டேன். கேக்கோட நீங்களும் வந்துடுங்க. காது சுட்ட செங்கல்தானே?"

சுவரில் மாட்டிய உலகப் படமும், காலியான மேஜையும், வாத்தியாரின் டைரியும் வரிசையாகக் கேக்கம்மாவின் கண்முன் வந்தன. ஒரு நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்புறம் எழுந்து, முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தாள். ஐந்தாவது தாளில் முழு முகத்தைப் போடாமல் கன்னத்தை மட்டும் பன்னிரண்டு சின்னக் கட்டமாக அடித்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம். வெட்டி, வெள்ளை மாவில் ஒட்டி, விசிறிக் காற்றில் காயவிட்டு, வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்தாள்.

கொண்டுவந்து என்ன பயன்? பன்னிரண்டும் சரியாகத்தான் இருந்தன. பன்னிரண்டும் தப்பாகவும் இருந்தன. போட்டோவோ சாயங்கால வெயிலில் எடுத்தது.

"நீங்களும் கொஞ்சம் பாருங்களேன்."

"செம்மண், வண்டல், கரிசல்... எல்லாமே நல்ல மண்ணுதான்" என்றார் வாத்தியார்.

அப்போது வாசலில் கார் ஹாரன் கேட்டது. இரும்புத் தகடு அடித்த உயரமான கேட்டின் ஓட்டை வழியாக, தாழ்ப்பாளைத் தேடி ஒரு கை உள்ளே நீண்டது. "அம்மா, பெயிண்ட் கம்பெனியிலேர்ந்து கேக் எடுக்க வந்திருக்கேன்."

கேக்கம்மா அந்தக் கையைப் பார்த்தாள். நல்ல மாநிறம். போட்டோவில் இருந்ததும் மாநிறம்தான். அட்டை பொய் சொல்லும், திரை பொய் சொல்லும், உயிருள்ள தோல் பொய் சொல்லாது.

"தம்பி, கையை எடுக்காதீங்க! அப்படியே வெயில்ல வைங்க."

"எதுக்கும்மா?"

"எல்லாம் நல்ல காரியத்துக்குத்தான். விரலை மடக்காதீங்க."

ஒவ்வொரு கட்டமாகக் கையோரம் வைத்துப் பார்த்தாள். ஏழாவது கட்டத்தில் கை எங்கே முடிகிறது, தாள் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

"இன்னும் அரை மணி நேரம் தம்பி. கார்லயே உக்காந்திருங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

ஆறாவது தாள், கடைசித் தாள், மெஷினிலிருந்து மெல்ல நகர்ந்து வந்தது. நெற்றி, கண், மூக்கு, மீசை. காய்ந்தபின் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினாள். வாத்தியார் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எந்த நாட்டையும் சொல்லவில்லை.

"ஆள் இப்ப வாயைத் திறந்து பேசிடுவார் போலிருக்கே" என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது.

அட்டைப் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேக்கம்மா காரின் பின் சீட்டில் ஏறினாள். போகிற வழி முழுக்கப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பள்ளம் பார்த்து, தம்பி", "பிரேக்கு மெதுவா, தம்பி" என்று முன்னால் தெரிந்த தொப்பியிடம் பத்துத் தடவை சொல்லியிருப்பாள். தொப்பியும் பத்துத் தடவை ஆடியது.

பெயிண்ட் டப்பாக்கள் கூரை வரைக்கும் அடுக்கிய கடையின் நடுவில் மேஜை போட்டிருந்தார்கள். மேனேஜர் பெட்டியைத் திறந்ததும் ஊழியர்கள் எல்லாரும் தலையை நீட்டினார்கள்.

"காலைத் தேநீரேதான் சார்!"

"காதைப் பாருங்க! நான் அப்பவே சொல்லல, சுட்ட செங்கல்னு?"

"என்னய்யா கூட்டம்? கேக் வந்துடுச்சா?" என்று வாசலில் ஒரு குரல் அதட்டியது. பன்னிரண்டு வருஷமாகப் போனில் கேட்ட குரல். எல்லாரும் விறைத்து நின்றார்கள். கசங்கின சட்டையில், கண்ணாடி போட்ட, ஒல்லியான பெரியவர் ஒருவர் உள்ளே வந்து மேஜையை நோக்கி நடந்தார். கூப்பின கையோடு திரும்பிய மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. காலைத் தேநீராக இருந்த அவர் கன்னம், கேக்கம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்ணாம்பாக வெளுத்தது.

கலர் தப்பிவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மெஷினை எந்த மூலையிலிருந்து தூக்கினால் சுவரில் இடிக்காது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பெரியவர் கேக்குக்கு மேல் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து நிற அட்டையை எடுத்து விரித்தார். கேக்கை ஜன்னல் பக்கம் தள்ளச் சொன்னார். கன்னத்தோரம், நெற்றியோரம், காதோரம் அட்டையை வைத்து வைத்துப் பார்த்தார்.

"யாரும்மா இதைப் பண்ணினது?"

"நான்தாங்க" என்றாள் கேக்கம்மா.

"அச்சு அசல்! இந்தக் கன்னத்தை ஏழு வருஷமா தினமும் பார்க்கறவன் சொல்றேன். ஒரு இம்மி பிசகல. இனிமே எங்க எல்லாக் கிளைக்கும் நீங்கதான் கேக் பண்றீங்க."

கேக்கம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மெஷின் பிழைத்தது. உலகம் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கட்டும். ஆனால் மேனேஜர் மட்டும் ஏன் இன்னும் ஒரு பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

பெரியவர் வாசல் பக்கம் திரும்பி, "தம்பி, வண்டியைப் பூட்டிட்டுக் கொஞ்சம் உள்ள வாயேன்" என்று கூப்பிட்டார்.

டிரைவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார். முறுக்கின மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"காலையில கையை மட்டும்தான் சார் காட்டச் சொன்னாங்க, காட்டினேன். என் முழு மூஞ்சியையும் கேக்குல ஒட்டப் போறாங்கன்னு யாருமே சொல்லலியே!"